கட்டிலில் போன ஏட்டையா

போலீஸில் ஒரு நாள்கூட வேலை பார்க்காமல் ஏட்டாகப் பதவி உயர்வு வாங்கிய மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே ஒரே ஒருவர்தான். அவர் போடிநாயக்கனூர்க்காரர். முதல் தடவை போலீஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மதுரைக்குப் போய்த் தோற்றுத் திரும்பியபோது, கடைவீதி அவருக்கு ‘போலீசு’ என்று பெயர் வைத்தது. மறுவருடமும் போனார், மறுவருடமும் தோற்றார். ‘பாவம், ரெண்டு வருசம் சர்வீசு ஆகிப்போச்சு’ என்று கடைவீதியே பார்த்து அவரை ஏட்டையா ஆக்கிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் போடியில் ஒருவருக்கும் ஆள் அடையாளம் தெரியாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

இது ஐம்பதுகளின் பிற்பாதியில் நடந்தது. நானும் அவரும் ஓர் ஏலக்காய் மண்டியில் வேலை பார்த்தோம், மண்டிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் படுத்துக்கொண்டோம். நான் காயைச் சலித்துத் தரம் பிரித்து மூட்டை தைக்கிறவன். அவர் மலை ஆள். அதாவது, குரங்கணி வழியாக ஏறி, எஸ்டேட்டுகளிலிருந்து காய் மூட்டைகளைக் கழுதைகளின் மேல் போட்டு இறக்கிக்கொண்டு வருகிறவர். ஏதாவது ஒரு கழுதைக்கு உடம்பு சரியில்லையென்றால் அதன் மூட்டை அவர் தலைக்கு வரும். அவருக்கு வயது இருபத்து நாலு, எனக்கு இருபத்தொன்று.

சட்டத்தின்மேல் அவருக்கு இருந்த பக்தி, சட்டம் எழுதியவர்களுக்கே இருந்திருக்காது. பொழுது சாய்ந்தபின் விளக்கில்லாமல் சைக்கிளில் போகக் கூடாது என்று ஒரு விதி உண்டல்லவா? ஏட்டையா மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே விளக்கை ஏற்றிவிடுவார். ஏன் என்று கேட்டால், “போற சோலி எப்ப முடியும்னு யாரு கண்டா மாப்ளே?” என்பார்.

ஒருநாள் மண்டிக்குள் புகுந்த திருடனைக் கையும் மூட்டையுமாகப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

“இந்தா பாரு அப்பு, உன்னையக் கைது பண்ண எனக்கு அதிகாரம் கிடையாது. நீயா ஸ்டேசனுக்கு வந்தாத்தான் உண்டு. வர்றியா?”

திருடன் கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறேன் என்றான். இரண்டு பேரும் ஊர் விஷயம் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள், நான் பின்னால் போனேன். நடுவழியில் வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று போன திருடன், நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், திரும்பி வந்தான். இவருக்கும் சேர்த்து வாங்கி வந்தான். ஸ்டேஷனில் இருந்த நிஜ ஏட்டு, இரண்டு சிவந்த வாய்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதுல யாருய்யா திருடன்?” என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் மீசையைத் தடவிக்கொண்டார்.

“ஓகோ, ஊருக்குள்ள ஏட்டையா ஏட்டையாங்கிறாகளே, அது நீதானா?”

“அப்பிடித்தாங்கய்யா சொல்றாக.”

“அப்ப நான் யாரு?”

“நீங்க சம்பளம் வாங்குற ஏட்டையாங்கய்யா.”

அடி விழும் என்று எதிர்பார்த்தோம். அவர் விழுந்து விழுந்து சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இத்தனை ஆசை ஏன் என்று ஒருதடவை கேட்டேன். “மலையில கங்காணி கூப்பிட்டா ஓடணும், கீழ முதலாளி கூப்பிட்டா ஓடணும். பொழுதன்னிக்கும் ஓடுறேன். நான் ‘நில்லு’ன்னு சொல்லி ஒருத்தன் ஒரு நாளாச்சும் நிக்கணும் மாப்ளே. இதுவரைக்கும் கழுதைகூட நின்னதில்ல” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, அவர் தோற்ற கதைக்கு வருகிறேன். முதல் வருடம் அவரை ஓட்டத்தில் கழித்துவிட்டார்கள். இதை மலையில் சொன்னால் கழுதைகளே நம்பாது. குரங்கணியிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் அவரோடு ஓட அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அந்தப் பாதையில்தான் ஆறு மாதம் ஓடிப் பழகினார். மதுரை மைதானமோ சமதரை. மேடு வரும் மேடு வரும் என்று நம்பி, குனிந்துகொண்டே முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறார். மேடு வரவே இல்லை. முதல் சுற்றிலேயே குப்புற விழுந்தார். எழுப்பிவிட்ட போலீஸ்காரரிடம், “தரை சரியில்லைங்கய்யா” என்று புகார் வேறு சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் வருடம் சமதரைக்குப் பழக வேண்டும் என்று சிலமலைப் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களில் ஓடினார். தினமும் விடியும்போது நானும் கூடப் போக வேண்டும். எங்களிடம் கடிகாரம் கிடையாது. அவர் ஓட, நான் வரப்பில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். அதிலும் அவருக்குத் திருப்தி இல்லை.

“நின்னுக்கிட்டு எண்ணுனா எண்ணிக்கை நிதானமாப் போகுது மாப்ளே. கூட ஓடிக்கிட்டே எண்ணு.”

தலைவிதியே என்று கூட ஓடினேன். மூச்சு வாங்கி ஐம்பதுக்கு மேல் குரல் வராவிட்டால், “எந்தா மாப்ளே, எண்ணிக்கை நொண்டுது?” என்று திரும்பிப் பார்ப்பார். எஸ்டேட் மலையாளம் அவர் நாக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படியாக, போலீஸில் சேருகிற யோசனையே இல்லாத நான் ஒரு வருடம் முழுக்கப் போலீஸ் ஓட்டம் ஓடினேன்.

அந்த வருடம் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். அடுத்தது டாக்டர். அங்கேதான் அவரை அட்டை கெடுத்தது. மலையேறுகிறவர்களுக்குத் தெரியும், ஈரக்காட்டில் காலை வைத்தால் அட்டை கூட்டங்கூட்டமாக ஏறும். அதற்குப் புகையிலைத் தூளையும் சுண்ணாம்பையும் எண்ணெயில் குழைத்து முழங்கால்வரை பூசிக்கொள்வார்கள். ஏட்டையாவும் தினமும் காலையில் எழுந்ததும் கண்ணைக்கூடத் திறக்காமல் பூசுவார். மதுரைக்குப் புறப்பட்ட அன்றைக்கும் கை தன்பாட்டுக்குப் பூசிவிட்டது. டாக்டர் அந்தக் கால்களைப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் பாளம் பாளமாக வெடித்து, ஒரு மாதிரி வாடை அடிக்கிற கால்கள்.

“எத்தனை வருசமா இருக்கு இந்தத் தோல் வியாதி?”

“வியாதி இல்லைங்கய்யா, அட்டைக்கு.”

“மதுரையில ஏதுய்யா அட்டை? தள்ளி நில்லு. அடுத்த ஆளத் தொட்டுராத.”

குழாய் தேடி, வரிசையில் நின்று, கழுவிக்கொண்டு வருவதற்குள் டாக்டர் பெட்டியைப் பூட்டிவிட்டார். ஊருக்கு வந்தவர் மூன்று நாள் காலில் ஒன்றும் பூசாமலே மலைக்குப் போனார். அட்டைகளுக்கு நல்ல விருந்து.

மூன்றாம் வருடந்தான் கடைசி. அடுத்த தை பிறந்தால் அவருக்கு இருபத்தைந்து முடிகிறது, அதற்குமேல் எடுக்க மாட்டார்கள். ஏட்டையா ராவும் பகலும் அதே நினைப்பாக இருந்தார். அப்போதுதான் புதிதாக ஓர் இடி விழுந்தது. மண்டிச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு உயரம் பார்த்தவர், காலைக் கோட்டுக்கும் மாலைக் கோட்டுக்கும் அரை அங்குலம் வித்தியாசம் இருப்பதைக் கண்டுபிடித்தார். காலையில் நின்றால் ஐந்தரை அடி, மயிரிழை பிசகாமல் சரி. நின்று நடந்து மூட்டை சுமந்து பொழுது சாய்ந்தால் அரை அங்குலம் காணோம். போலீஸுக்கு ஐந்தரை அடி கட்டாயம்.

“முந்தி ரெண்டு தடவையும் அளந்தவர் தங்கமான மனுசன் போல. இந்தத் தடவை எவன் வர்றானோ” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். உட்கார்ந்தாலும் குறையுமோ என்று சந்தேகம் வந்து படுத்துக்கொண்டார். படுத்த இடத்திலேயே அவருக்கு யோசனை உதித்துவிட்டது. தேர்வன்றைக்குத் தூங்கி விழித்தபின் எழுந்திருக்கவே கூடாது. போடியிலிருந்து மதுரை மைதானம் வரைக்கும் படுத்தவாக்கிலேயே போய், அளவுக் கம்பத்தடியில்தான் எழுந்து நிற்க வேண்டும்.

“நீயும் சீனியும் கட்டிலத் தூக்குங்க மாப்ளே. ரயில் ஸ்டேசன் என்ன, பக்கந்தான” என்றார். சீனி என்பவன் மண்டியில் மூட்டை தூக்குகிற பையன்… பையன் என்ன, என்னைப்போல இரண்டு ஆள் இருப்பான்.

விடியற்காலை ரயிலுக்கு நார்க்கட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். மார்கழிக் குளிர். அதோடு அவருக்கு லேசான வெட்கமும் வந்துவிட்டது. வெள்ளை வேட்டியைத் தலையோடு கால் இழுத்துப் போர்த்திக்கொண்டு அசையாமல் கிடந்தார். எனக்கும் சீனிக்கும் அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை.

முதலில் எதிரே வந்த பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். டீக்கடையில் பேச்சு நின்றது. நாலு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பின்னால் நடக்க ஆரம்பித்தார்கள். “எப்ப ஆச்சு?” என்று ஒருவர் மெல்லக் கேட்டார். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தா, யார் எவர் என்று விசாரிக்கக்கூட இல்லை, வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ என் ராசா, இந்த வயசுலயா போவ!” என்று பிலாக்கணம் பிடித்துவிட்டது. தெருக்கோடியில் சங்கு ஊதுகிறவர் வீடு. அவர் தூக்கக் கலக்கத்தோடு சங்கும் கையுமாக ஓடிவந்து என்னிடம் கோபித்துக்கொண்டார். “யாரு வீட்டுதுப்பா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் ஊதியும் விட்டார்.

வேட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஆத்தா, கட்டிலை விடு ஆத்தா. ரயிலுக்கு நேரமாச்சு. மாப்ளே, வெரசா நட!”

அந்தத் தெருவில் மனிதர்கள் அவ்வளவு வேகமாக ஓடி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அவர்களையெல்லாம் போலீஸுக்கு எடுத்திருக்கலாம்.

சீனி அவரை ரயிலில் கிடத்திவிட்டுக் கட்டிலோடு திரும்பினான். ஏட்டையா பலகை முழுக்கப் படுத்துக்கொண்டார். டிக்கெட் பரிசோதகர் வந்து, “நோயாளியா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏட்டையாவுக்குத்தான் பொய் வராதே. “நோய் ஒண்ணுமில்லைங்க, உயரங்க” என்றார். பரிசோதகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். மதுரையில் ஒரு போர்ட்டரோடு சேர்ந்து தூக்கி ஒரு குதிரைவண்டியில் ஏற்றினேன். அவர் முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்கியது. வண்டிக்காரர் நான் சொன்னதைக் காதில் வாங்காமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அவரிடம் மன்றாடி மைதானத்துக்குத் திருப்பிப் போனோம்.

வண்டிக்காரரும் நானுமாகத் தூக்கிப்போக, அளவுக் கம்பத்தடியில் எழுந்து நின்றார். ஐந்தரை அடி. மயிரிழை பிசகவில்லை. “பாஸ்” என்று அதிகாரி எழுதப் போகிறார். எனக்குக் கட்டில் தூக்கிய தோள்வலி மறந்துபோனது. அப்போது இந்த மனிதர் வாயைத் திறந்தார்.

“ஐயா, ஒரு விசயம். சாயங்காலம் அளந்தா அரை இஞ்சு குறையும். சர்க்காருக்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்.”

எனக்குக் கம்பத்தைப் பிடுங்கி அவர் மண்டையில் போடலாம் போல வந்தது. அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப சாயங்காலம் டூட்டி போட்டா உக்காந்துக்க. அடுத்த ஆள்!” என்று பாஸ் போட்டார்.

அடுத்தது ஓட்டம். என் எண்ணிக்கை இல்லாமல் ஓட வராது என்று ஏட்டையா அடம் பிடித்தார். பேர் கொடுத்தவன்தான் மைதானத்துக்குள் இறங்கலாம் என்று அங்கே நின்ற போலீஸ்காரர் சொல்லிவிட்டார். “அப்ப பேரக் குடு மாப்ளே. ஓடி முடிச்சதும் வாபஸ் வாங்கிக்கலாம்” என்றார் ஏட்டையா. கொடுத்தேன். என்னையும் அளந்தார்கள், எனக்கு எந்த நேரத்தில் அளந்தாலும் உயரத்துக்குக் குறைச்சல் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஓடினோம். நான் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே ஓடியதைப் பார்த்து மைதானமே சிரித்தது. அவர் முதலாவதாக வந்தார். பக்கத்திலேயே எண்ணிக்கொண்டு வந்ததால் நான் இரண்டாவது. மார்பளவிலும் தேறினோம். மூச்சை இழுத்து மார்பை விரித்த ஏட்டையாவுக்கு, அளவை எழுதி முடிக்கிறவரைக்கும் மூச்சை விடமாட்டேன் என்று நின்றதில் முகம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது.

கடைசியாக டாக்டர். ஏட்டையாவின் கால்களைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து நான்கு தடவை நானே சரிபார்த்திருந்தேன். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர்த் தாம்பாளத்தில் பாதத்தை நனைத்துக் காய்ந்த சிமெண்டுத் தரையில் நடக்கச் சொன்னார். நானும் அவரும் அடுத்தடுத்து நடந்தோம். என் ஈரச் சுவட்டின் நடுவில் பாதம் படாத இடம் வளைவாகக் காய்ந்திருந்தது. அவருடையதில் அந்த வளைவு இல்லை. குதிகால் முதல் விரல்வரை ஒரே ஈரம், தோசைத் திருப்பியைப் பதித்ததுபோல. இதற்கு முந்திய இரண்டு வருடமும் அவருடைய பாதத்தைப் பார்க்கிற கட்டம்வரைக்கும் அவர் வந்ததே இல்லை.

“சப்பைப் பாதம். எடுக்க முடியாது தம்பி” என்றார் டாக்டர். நல்ல மனிதர், சொல்லத் தயங்கித்தான் சொன்னார்.

“ஐயா, இந்தக் காலாலதான் மலையே ஏறுறேன்.”

“தெரியுதுப்பா. ஓட்டத்துல நீதான் முதல்னு சீட்டுல போட்டிருக்கு. ஆனா விதி இருக்கே.”

வேறு எவனாவது இருந்தால் காலில் விழுந்திருப்பான், கத்தியிருப்பான். ஏட்டையா தரையில் காய்ந்துகொண்டிருந்த தன் சுவடுகளைப் பார்த்தார். “விதின்னா சரிதாங்கய்யா” என்று சொல்லிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டார்.

எனக்குப் பாஸ் சொன்னார்கள். நான் நேரே எழுத்தரிடம் போய், “என் பேரை அடிச்சிருங்க” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து என் சட்டைக்காலரை ஒரு கை பிடித்தது. அத்தனை வருடப் பழக்கத்தில் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

“மாப்ளே, நானும் இல்ல நீயும் இல்லேன்னா, அப்புறம் நாம என்னத்துக்குடா ஓடுனோம்? எண்ணுனது நீதான? உனக்கும் பாதி சொந்தந்தான? மரியாதையாக் கையெழுத்துப் போடு!”

போட்டேன். திரும்பி வருகிற ரயிலில் நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தார், அந்தக் கொடுமையை யாரிடம் சொல்வது? மூன்றாம் தடவையும் தோற்றால் அவரைச் சப்-இன்ஸ்பெக்டர் ஆக்குவது என்று கடைவீதியில் ஏற்கெனவே முடிவாகி, மாலைகூடச் சொல்லிவைத்திருந்தார்கள். அவர் வந்திறங்கியபோது ஒருவரும் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. டீக்கடைக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்து, “சாப்பிட்டீகளா ஏட்டையா?” என்று மட்டும் கேட்டார்.

பயிற்சி முடிந்து, வேறு ஊரில் வேலையில் சேர்ந்து, முதல் லீவில் போடிக்கு வந்தேன். பெட்டியைத் திறந்து காக்கி உடுப்பை எடுத்து, “ஒரு தடவை போட்டுப் பாருங்க ஏட்டையா” என்றேன். பதறிப்போய் எட்ட நின்றுகொண்டார்.

“தப்பு மாப்ளே. செலக்சன் ஆகாதவன் உடுப்புல கைய நுழைக்கப்படாது.”

தொப்பியை மட்டும் இரண்டு கையாலும் வாங்கி, உள்பக்கம் இருந்த வியர்வைக் கறையைப் பார்த்தார். “ரொம்ப வேலை வாங்குறாகளா?” என்று கேட்டார். அப்புறம், லீவில் இருக்கிறவன் உடுப்பைப் போடலாமா என்று சம்பளம் வாங்குகிற ஏட்டையாவிடம் போய் விசாரித்து வந்தார். லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற அன்றைக்குப் போட்டுக்கொண்டு போகலாம் என்று அவர் சொன்னாராம்.

அந்த நாளும் வந்தது. முறைத்துக்கொண்டு நிற்கிற கஞ்சிக் காக்கியில் நான் நடக்க, என் டிரங்குப் பெட்டியை யாரையும் தொடவிடாமல் அவரே தோளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். ரயில் ஸ்டேஷன் பத்து நிமிட நடை. ஏட்டையா என்னைக் கடைவீதி வழியாகக் கூட்டிப்போனார், பிறகு சந்தைப்பேட்டை வழியாக, பிறகு காய் சலிக்கிற பெண்கள் இருந்த ஒவ்வொரு மண்டி வழியாகவும். எதிரில் வந்தவரையெல்லாம் நிறுத்தி, “நம்ம போலீசு, பாத்தீகளா?” என்றார். தெரியாதவர்களையும் நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்க்கிறபோது ஓர் இடத்தில்கூட எனக்கு, போதும் வாருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தால் ரயில் போய்விட்டிருந்தது.

“ஐயையோ, விதிய மீற வச்சுப்புட்டேனே மாப்ளே!” என்று பெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு நாள் பிந்திப் போய் வேலையில் சேர்ந்தேன். பதினைந்து நாள் வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். காரணம் எழுதிக் கொடு என்றார்கள், வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன். பென்ஷன் வாங்கி வருடக்கணக்காகிறது, இனிமேல் உண்மையைச் சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு அன்றைக்கு வயிற்றுவலி இல்லை. பக்கத்தில் அவர் நடந்து வருவதாக இருந்தால், அந்த ரயிலை நான் இன்றைக்கும் விட்டுவிடுவேன்.